உழைத்த நேரமும் காத்திருந்த நேரமும்

ஆமத்தூரைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் ஒரு ரூமுக்குள் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. உள்ளே எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் முழுவதற்கும் இதுதான் விதி. இந்த வரம்பு மீறப்பட்டதாக விபத்துக்குப் பின் வரும் செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அதே ஆமத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அங்கே கணினி படிக்கிறவர்கள் வேறொரு வகை வரம்பைச் சந்திக்கிறார்கள்: ஒரு நிரல் இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற கெடு. இசை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெடு மிகவும் பழக்கமானது. பறையையோ நாகஸ்வரத்தையோ பதிவுசெய்து, அதைக் கணினியில் வாசிக்கும் கருவியாக்கி, அதற்குக் குமிழ்களும் பொத்தான்களும் வைத்து ஸ்கிரிப்ட் எழுதும்போது, திரையில் ஒரு நாள் ‘எக்ஸிகியூஷன் டைம்டு-அவுட்’ என்று சிவப்பு வரி வந்து நிற்கும். இந்தச் செய்தியைப் பெரும்பாலானோர் தவறாக வாசிக்கிறார்கள் என்பது என் கருத்து. அந்தத் தவறுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓடிய இயந்திரங்கள் தெளிவாகச் சொன்ன ஒன்றை இன்றைய கருவிகள் சொல்ல மறந்துவிட்டன என்பதையும் இங்கே நிறுவப் பார்க்கிறேன்.

முதலில் தொழிலின் கதை. இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி 1983இல் வந்தது. மூன்றே ஆண்டுகளில் தமிழ்த் திரையிசை அதைத் தொட்டுவிட்டது. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தது அன்று பெரும் பேச்சாக இருந்தது. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையை வெளியிட்டது. ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் பிறர் எழுதிய சிறு மென்பொருளைச் செருகிக்கொள்ளலாம் என்றானது. அதுதான் பிளக்-இன். 1999இல் வந்த அடுத்த பதிப்போடு முழு இசைக்கருவிகளே பிளக்-இன்னாக வரத் தொடங்கின. 2004இல் ஜூல்ஸ் ஸ்டோரர் வெளியிட்ட ஜூஸ் என்ற நூலகம் இவற்றை எழுதுவதை எளிதாக்கியது. பின்னாளில் அதற்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ஒரு சிறு எஞ்சினும் சேர்ந்தது. அதன் மேல் கிறிஸ்டோஃப் ஹார்ட் கட்டிய ஹைஸ் என்ற திறந்த மூலக் கருவியால், சி++ தெரியாத இசைக்காரர்கள்கூட ஸ்கிரிப்ட் எழுதியே முழுக் கருவியொன்றை உருவாக்கலாம் என்ற நிலை வந்தது. கெடு அந்த எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் எத்தனை வினாடி ஓடலாம் என்று ஓர் எண். அது தாண்டினால் எஞ்சின் வேலையை அறுத்துவிடும்.

இப்படி ஒரு கெடு ஏன் வேண்டும்? 1936இல் ஆலன் டூரிங் நிறுவிய உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒரு நாள் நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது வழி கிடையாது. ஆகவே முடிவில்லாமல் சுற்றும் நிரலிலிருந்து மற்றவர்களைக் காக்க நடைமுறையில் எஞ்சியது கடிகாரம்தான். கணினி விலை உயர்ந்ததாகவும் பலருக்குப் பொதுவானதாகவும் இருந்தவரை இதை யாரும் குறையாக எண்ணவில்லை. தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சாட்சி சென்னை ஐஐடியின் கணினி மையம். 1973இல் அங்கே ஐபிஎம் 370/155 இயந்திரம் நிறுவப்பட்டது. அன்றைய இந்தியாவின் மிக ஆற்றல் வாய்ந்த கணினிகளுள் அது ஒன்று. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முறை வந்து வேலை முடிந்ததும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ள வேண்டிய காலம் அது. அந்த வகை ஐபிஎம் இயந்திரங்களுக்கு வேலை கொடுக்கும்போது, கட்டின் தொடக்கத்தில் வரும் அட்டையிலேயே இந்த வேலைக்கு இத்தனை நிமிடம் என்று குறிப்பிட இடம் உண்டு. வேலை அதைத் தாண்டினால் இயக்க முறைமை அதை நிறுத்தி, 322 என்ற எண்ணைத் தாளில் அச்சிடும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. 322 என்ற எண், செயலி அந்த வேலைக்காக உழைத்த நேரம் தீர்ந்துவிட்டது என்பதை மட்டுமே குறிக்கும். வேலை ஒரு காந்த நாடாவுக்காகவோ வேறொருவர் கையில் இருக்கும் கோப்புக்காகவோ சும்மா காத்துக்கிடந்தால் அந்தக் காத்திருப்பு இந்தக் கணக்கில் சேராது. அளவுக்கு மீறிக் காத்திருந்த வேலையை நிறுத்துவதற்கு வேறோர் எண் உண்டு: 522. தாளைக் கையில் வாங்கிய மாணவருக்கு அந்த மூன்று இலக்கமே பாதித் தீர்வு. 322 என்றால் நிரலுக்குள்ளே தேட வேண்டும். முடியாத சுழற்சி இருக்கலாம், கணக்குமுறை மோசமாக இருக்கலாம். 522 என்றால் நிரல் எதற்காக, யாருக்காக நின்றது என்று வெளியே தேட வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. நோயைப் பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் அந்த இயந்திரம் ஆளை வெளியே அனுப்பியது.

அட்டைக் கட்டுகளின் காலம் போய், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை வந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ 1961 நவம்பரிலேயே இதைச் செய்து காட்டியிருந்தார். அங்கே யாருடைய வேலையையும் அறுக்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு துளி நேரம் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு மாற்றினார்கள். தனித்தனி மேசைக் கணினிகள் வந்தபோது நேர வரம்பே தேவையற்றுப் போனதுபோல் சில காலம் தோன்றியது. அதைத் திரும்பக் கொண்டுவந்தது இணைய உலாவி. 1995இல் நெட்ஸ்கேப்புக்காக பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். யாரோ முகம் தெரியாதவர் எழுதிய நிரல் நம் கணினிக்குள் வந்து ஓடத் தொடங்கியது. அது சிக்கிக்கொண்டால் உலாவியே உறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு உலாவியும் தன் போக்கில் ஒரு வரம்பு வைத்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. 50 லட்சம் கட்டளைகள் ஓடி முடிந்தால் பயனரிடம் எச்சரிக்கை காட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் 10 வினாடி என்று சுவர்க் கடிகாரத்தை வைத்து அளந்தது. கவனியுங்கள், இதற்குள் அளவுகோல்கள் மூன்றாகிவிட்டன: செயலி உழைத்த நேரம், ஓடிய கட்டளைகளின் எண்ணிக்கை, வெளியுலகில் கழிந்த நேரம். பிளக்-இன்களுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் எஞ்சின் எடுத்துக்கொண்டது மூன்றாவதை. எழுத எளிது என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். தொடங்கும்போது மணி பார்த்துக்கொண்டு, இடையிடையே மறுபடி பார்த்தால் போதும். அந்த எளிமைக்குக் கொடுத்த விலை, 322க்கும் 522க்கும் இருந்த வேறுபாடு. உழைத்துத் தீர்த்தாலும் காத்திருந்தே தீர்த்தாலும் இன்று வருவது ஒரே சிவப்பு வரி.

விளைவைப் பாருங்கள். எஞ்சின் ஒவ்வொரு நொடியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஸ்கிரிப்டின் சுழற்சி ஒவ்வொரு முறை திரும்பும்போதும், ஒரு செயற்கூற்றை அழைக்கும்போதும் பார்க்கிறது. ஸ்கிரிப்ட் ஒரு பெரிய ஒலிக் கோப்பைத் திறக்கச் சொல்லி, அந்த வேலை அடியில் இருக்கும் சி++ பகுதியில் நடந்துகொண்டிருக்கும்போது மணி பார்ப்பார் யாருமில்லை. வட்டு தன் போக்கில் கோப்பைத் தந்துவிட்டுக் கட்டுப்பாடு ஸ்கிரிப்டுக்குத் திரும்பிய பிறகு வரும் முதல் சோதனையில் கெடு தாண்டியது தெரியவருகிறது. ஓட்டம் அங்கே அறுபடுகிறது. பிழைச் செய்தி காட்டுவது அந்த இடத்தின் வரி எண்ணை. அங்கே பொத்தானுக்கு நிறம் கொடுக்கும் அப்பாவியான நான்கு வரிச் சுழற்சி இருக்கலாம். எழுதியவர் அந்தச் சுழற்சியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். குற்றம் அதற்கு முன்பே, பார்வைக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். வரி எண்ணைக் குற்றவாளியின் முகவரியாக எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் நான் காணும் மிகப் பெரிய பிழை. அது கெடு முடிந்த இடத்தைத்தான் காட்டுகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த வரி’ என்பதைவிட ‘உழைப்பா, காத்திருப்பா’ என்பதே. அதே ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டும்போது சட்டென்று முடிந்தால், கோப்பு இப்போது நினைவகத்தில் தயாராக இருக்கிறது என்று பொருள், அது காத்திருப்பு. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே இடத்தில் விழுந்து, செயலியின் ஒரு கோர் முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தால் அது உழைப்பு. சந்தேகப்படும் பகுதிக்கு முன்னும் பின்னும் மணியைக் குறித்து கன்சோலில் அச்சிடுவது பழைய வழிதான், ஆனாலும் அதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது கடினம்.

காத்திருப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணினி வரலாற்றில் ஒரு பெரிய வழக்கு உண்டு. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. வானிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாள்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் அணைந்து துவங்கியது. ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றே: முக்கியமான ஒரு பணி தனக்குரிய கெடுவுக்குள் முடியவில்லை, அதைக் கண்காணித்த பகுதி, இயந்திரத்தைப் புதிதாகத் துவக்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்தப் பணி மெதுவானது என்றுதான் சொல்லத் தோன்றும். பூமியில் இருந்த மாதிரி இயந்திரத்தில் அதே சூழலை உருவாக்கிப் பொறியாளர்கள் கண்டுபிடித்தது வேறு. அந்தப் பணி உழைக்கவே இல்லை, காத்துக்கொண்டிருந்தது. பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே தொடுவதற்கான பூட்டு ஒன்றை, முன்னுரிமை மிகக் குறைந்த வானிலைப் பணி கையில் வைத்திருந்தது. முக்கியப் பணிக்கு அந்தப் பூட்டு தேவை. இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட பணிகள் நடுவில் புகுந்து செயலியைப் பிடித்துக்கொண்டதால், பூட்டை வைத்திருந்த எளிய பணிக்கு அதை விடுவிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கெடுவை நீட்டியிருந்தாலோ கண்காணிப்பைத் தூக்கியெறிந்திருந்தாலோ நோய் மறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. பூட்டின் ஓர் அமைப்பை மட்டும் மாற்றினார்கள்: யார் பூட்டுக்காகக் காத்திருக்கிறாரோ அவருடைய முன்னுரிமை, பூட்டை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகப் போய்ச்சேரும். அந்த மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியதோடு சிக்கல் நின்றது.

அந்தத் தீர்வின் கோட்பாட்டை முழுமையாக வகுத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1990இல் வெளியானது. எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். லூயி ஷா, ஜான் லெஹாக்ஸ்கி மற்ற இருவர். நம் பொறியியல் கல்லூரிகளின் இயக்க முறைமைப் பாடத்தில் இந்தக் கட்டுரையின் சாரம் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அதைப் படித்த ஒருவருக்கு இசை பிளக்-இன்னின் உட்புறம் உடனே விளங்கிவிடும். அங்கே இரண்டு வேலைகள் ‘த்ரெட்’ எனப்படும் தனித்தனி ஓட்டங்களில் இணையாக நடக்கின்றன. ஒன்று ஒலி. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 256 மாதிரிகளைக் கொண்ட ஒரு பஃபரை நிரப்ப அதற்கு 5.8 மில்லிவினாடிதான் அவகாசம். தவறினால் காதில் ‘டக்’ என்று கேட்கும். மற்றொன்று திரை: குமிழ் திருப்பினால் ஊசி நகர வேண்டும், அலைவடிவம் வரைய வேண்டும். இதற்கு அவ்வளவு அவசரம் கிடையாது. இரண்டும் ஒரே தரவைத் தொடும்போது பூட்டு வருகிறது. திரை வேலை பூட்டை வைத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருக்க, ஒலி வேலை வாசலில் நின்றால், செவ்வாயில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. திசை மாறியும் நடக்கும்: மாதிரிகளை ஏற்றும் வேலை பூட்டைப் பிடித்திருக்க, இடைமுக ஸ்கிரிப்ட் காத்துக் கெடு தாண்டும்.

தீர்வு பற்றிப் பேசும்போதுதான் சிவகாசி எனக்கு நினைவுக்கு வருகிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பட்டாசுத் தொழில் அதன் தொடர்ச்சியாக வளர்ந்தது. வேலையை ஒரே பெரிய கூடத்தில் வைக்காமல், இடைவெளி விட்ட சிறு ரூம்களாகப் பிரித்து, மருந்து கலப்பது ஓரிடம், செலுத்துவது ஓரிடம், உலர்த்துவது ஓரிடம் என்று விதிகள் வகுத்த காரணம் ஒன்றுதான்: ஓரிடத்தில் தவறு நேர்ந்தாலும் அது பக்கத்து ரூமைத் தொடக் கூடாது. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது நான்கு பேர் ரூமில் கூடுதல் ஆட்களை உட்கார வைப்பதும், மரத்தடியில் வைத்து மருந்து செலுத்துவதும், உள்குத்தகைக்கு விடுவதும் வரம்பை நீட்டுகிற செயல்கள். சரியான வழி, இன்னொரு ரூம் கட்டி லைசென்ஸ் வாங்குவது. அதற்குச் செலவும் நாளும் ஆகும் என்பதால்தான் முதல் வழி கவர்ச்சியாக இருக்கிறது. பிளக்-இன் கெடுவிலும் தேர்வு இதேதான். எண்ணை 5 வினாடியிலிருந்து 60 ஆக்க ஒரு நிமிடம் போதும். வேலையைத் துண்டுகளாக்கி, டைமரை வைத்துத் தவணை முறையில் செய்வதற்கும், கோப்பு ஏற்றுவதைப் பின்னணிப் பணியாக மாற்றுவதற்கும், நோட்டு வரும்போது நடக்கும் ஸ்கிரிப்டை ஒலி த்ரெட்டிலிருந்து ஒத்திப்போடுவதற்கும் ஒரு வாரம் ஆகலாம். ஹைஸில் இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

உயிர் போகும் இடத்தின் விதியை, ‘டக்’ என்ற ஓசை கேட்கும் இடத்தோடு சேர்த்துப் பேசலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு ரூம் வெடித்தால் குடும்பங்கள் அழிகின்றன. பிளக்-இன் நின்றுபோனால் யாரும் சாவதில்லை. இழப்பை நான் ஒப்பிடவில்லை. ஒப்பிடுவது அமைப்பை மட்டும்: பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஒருவர் அளவு மீறினால் சுமை அடுத்தவர் தலையில் விழுகிறது. வரம்பு இருப்பது அந்த அடுத்தவருக்காக. வரம்பை மீறும் ஒருவர் தனக்கு மட்டும் தீங்கு தேடிக்கொண்டால் அப்படியொரு விதியே பிறந்திருக்காது.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடமிருந்து வரும்: சில வேலைகளுக்கு உண்மையிலேயே அதிக நேரம் தேவை, அங்கே எண்ணை உயர்த்தினால் என்ன? உயர்த்தலாம். ஐபிஎம் அட்டையில்கூட 1440 என்று எழுத இடம் உண்டு; ஒரு நாளைக்குரிய நிமிடங்கள் அத்தனை, அதை எழுதினால் கெடுவே கிடையாது. ஆனால் அது பொதுவாக எல்லோருக்கும் திறந்த கதவாக இருந்ததில்லை. கணினி மையங்கள் அதைக் கட்டுக்குள் வைத்தன. பிளக்-இன்னை உருவாக்கும் கட்டத்தில், ஆயிரக்கணக்கான ஒலித் துண்டுகளுக்கு ஒரே ஒரு முறை வரைபடம் தயாரிக்கிற ஸ்கிரிப்டுக்கு நீண்ட அவகாசம் கொடுப்பதில் தவறில்லை. அங்கே காத்திருப்பவர் எழுதுகிறவர் மட்டுமே. அதே ஸ்கிரிப்ட் பயனரின் கையில், கருவி திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடினால் கதை வேறு. அப்போது காத்திருப்பது அவருடைய முழு ஒலிப்பதிவு மென்பொருளும்தான்.

இன்றைய கணினிகள் இத்தனை வேகமாக இருக்கும்போது இதெல்லாம் தானாகத் தீர்ந்துவிடாதா என்ற வாதமும் உண்டு. செயலி வேகம் உழைப்பைக் குறைக்கும். காத்திருப்பைக் குறைப்பது வட்டு, வலையமைப்பு, வைரஸ் தடுப்பு மென்பொருள், பயனர் உறுதிப்படுத்தாமல் விட்டுப்போன உரையாடல் பெட்டி ஆகியவற்றின் கையில் இருக்கிறது. சென்னை ஒலிக்கூடத்தின் புதிய கணினியில் எழுதிச் சரிபார்த்த கருவி, விருதுநகரில் கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கும் கீபோர்டுக்காரரின் பழைய மடிக்கணினியில், சுழலும் வட்டிலிருந்து ஏறும்போது அதே கெடுவைத் தாண்டும். சுவர்க் கடிகாரத்தை அளவுகோலாக எடுத்ததால் நேர்ந்த அநியாயம் இது: ஒரே நிரல், ஒரே உழைப்பு, பணக்காரக் கணினியில் தேறுகிறது, ஏழைக் கணினியில் தோற்கிறது. 322 என்ற எண்ணைக் கொடுத்த இயந்திரத்தில், நாடா மெதுவாகச் சுழன்றதற்காக மாணவரின் நிரல் அந்தக் கணக்கில் தண்டிக்கப்படவில்லை.

பழைய வேறுபாட்டைத் திரும்பப் பெறுவது கடினமும் அல்ல. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒவ்வொரு த்ரெட்டும் செயலியில் செலவழித்த நேரத்தைத் தனியே கேட்டால் தருகின்றன. ஸ்கிரிப்ட் எஞ்சின் தொடங்கும்போது ஒரு கடிகாரத்துக்குப் பதில் இரண்டைப் பார்த்துக்கொண்டால் போதும். கெடு தாண்டியதும், கழிந்தது 5 வினாடி, அதில் உழைத்தது 0.3 வினாடி என்று பிழைச் செய்தியே சொல்லிவிடும்; வரி எண்ணோடு, கடைசியாகக் கட்டுப்பாடு எந்த அழைப்பிலிருந்து திரும்பியது என்பதையும் சேர்த்து அச்சிடலாம். ஹைஸின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஜூஸின் மூலத்தையும் யாரும் படிக்கலாம். கெடுவைச் சோதிக்கும் பகுதி அதில் மிகச் சிறியது. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.